இந்த ஊசி எதைக் காக்கிறது?

22 ஆண்டுகளாகக் கருப்பைவாய்ச் செல்களைச் சோதிக்கும் பாப் ஸ்மியர் ஸ்லைடு பார்ப்பதுதான் என் வேலை. சாயம் ஏறியதும் செல்லின் உட்கரு நீலமாகத் தெரியும். நலமான செல்லில் அது சின்னதாக, ஓரம் வழவழப்பாக இருக்கும். கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் புகுந்த செல்லில் பெருத்து, கறுத்து, சுற்றிலும் வெளிர் வளையத்தோடு நிற்கும். அதைக் கண்டால் அந்த ஸ்லைடுக்குரிய பெண்ணின் வயதை மறுபடி பார்ப்பேன்.

போன வாரம் பக்கத்துத் தெருப் பெண் கேட்டாள்: "ஒன்பதாவது படிக்கிற புள்ளைக்கு எதுக்குக்கா கர்ப்பப்பை ஊசி? போட்டா அந்த நோயே வந்துருமாமே?"

உட்காரவைத்துச் சொன்னேன். உட்கருவில் டி.என்.ஏ. வெறும் எழுத்துதான், வேலை பார்ப்பவை புரதங்கள். சுமார் 2 மீட்டர் இழையைக் கண்டாகச் சுற்றி வைத்திருப்பவை ஹிஸ்டோன்கள். இழை சேதமானால் செல் பிரிவதை நிறுத்துவதும், பழுது தீராவிட்டால் செல்லையே சாகவைப்பதும் பி53. 1979இல் கண்டறிந்தார்கள். ஆர்.பி. என்ற இன்னொரு புரதம், நேரம் வரும்வரை செல்லைப் பிரியவிடாமல் பிடித்துவைக்கிறது.

வைரஸின் இ7 புரதம் ஆர்.பி.யை முடக்குகிறது. இ6 செய்வது அதைவிடக் கொடுமை. செல்லின் சொந்தப் புரதம் ஒன்றையே கூட்டுச் சேர்த்து, பி53 மீது 'கழிவு' என்று முத்திரை குத்துகிறது. செல்லே அதை அரைத்துவிடுகிறது. வேறு பல புற்றுநோய்களில் பி53க்கான மரபணுவே கெட்டிருக்கும். கருப்பைவாய்ப் புற்றில் மரபணு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. செல் பி53ஐச் செய்துகொண்டே இருக்கிறது. செய்யச் செய்ய அழிகிறது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை.

தடுப்பூசியில் இருப்பது வைரஸின் வெறும் ஓடு. உள்ளே டி.என்.ஏ. இல்லை; இ6, இ7 எதுவும் இல்லை. அதனால் நோய் வர வழியே இல்லை. அந்த ஓட்டை உடம்பு அடையாளம் கண்டு வைத்துக்கொண்டால், உண்மையான வைரஸ் வரும்போது செல்லுக்குள் நுழையவிடாது. ஏற்கெனவே நுழைந்ததை இந்த ஊசி விரட்டாது. சிறுவயதிலேயே போடச் சொல்வது அதனால்தான்.

14 வயதுச் சிறுமிகளுக்கு இதை இலவசமாகப் போட 36 கோடி ரூபாய் என்று 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் "நல்ல ஊசி, போட்டுக்கோங்க" என்று முகாமை முடித்துவிடக் கூடாது. அம்மாக்களுக்குப் பி53 கதையைப் பத்து நிமிடம் சொல்ல வேண்டும். புரியாது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். என் பக்கத்துத் தெருக்காரிக்கு ஒரே தடவையில் புரிந்தது.

"நீ ஸ்மியர் எடுத்திருக்கியா?" என்று கேட்டேன். வயது 38. இதுவரை இல்லையாம். மகளுக்கு ஊசி போடும் நாளிலேயே தாய்க்கும் பரிசோதனை என்று முகாம் அழைப்புச் சீட்டிலேயே அச்சடிக்கலாமே.