பென் டிரைவ் கணக்கும் ஒரே செர்வரும்!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் உள்ள ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். டாலிக்காக இரண்டு விண்டோஸ் கணினிகள், ஆடிட்டர் மேஜையில் ஒரு ஆப்பிள் மேக், மூலையில் யாரோ லினக்ஸ் போட்டுக் கொடுத்த பழைய கணினி. ஒரு கோப்பு இந்த நான்குக்கும் எப்படிப் போகிறது? பென் டிரைவில்தான்! கடைசியில் 'பைனல்', 'பைனல் 2', 'புது பைனல்' என்று மூன்று கோப்புகள். எது சரி என்று ஆடிட்டருக்கே தெரியாது.

"எல்லாவற்றையும் விண்டோஸாக மாற்றிவிடுங்கள்" என்பதுதான் வழக்கமான ஆலோசனை. இது வீண் செலவு. இயங்குதளங்கள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, பேசிக்கொள்ள ஒரு பொது மொழி இருந்தால் போதும். விண்டோஸ் கோப்புகளைப் பகிரும் மொழியின் பெயர் எஸ்.எம்.பி. அதை மற்ற இயங்குதளங்களும் பேசச் செய்வது சாம்பா என்ற இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-ல் வெளியிட்ட நிரலில் தொடங்கியது இது. எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரும் சொல்லைத் தேடிப் பின்னால் வைத்த பெயர்தான் சாம்பா. நம்ம ஊர் சம்பா அரிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! மேக் கணினிகளும் 2013 முதல் கோப்புப் பகிர்வுக்கு எஸ்.எம்.பி.யையே முதலில் பயன்படுத்துகின்றன.

ஆக, ஒரு கணினியில் லினக்ஸும் சாம்பாவும் போட்டால் செர்வர் தயார். விண்டோஸ் செர்வருக்குப் பொதுவாக ஆளுக்கோ கணினிக்கோ தனித்தனி உரிமம் வாங்க வேண்டும், இங்கே அது கிடையாது. டாலி விண்டோஸிலேயே ஓடட்டும், கோப்புகள் மட்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும். யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று பெயர் பெயராக அனுமதியும் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்.பி. கணினிக்குத் தெரிந்தது பழைய எஸ்.எம்.பி. 1 மட்டுமே. 2017-ல் வான்னக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். எனவே எக்ஸ்.பி.யை அப்படியே இணைக்கக் கூடாது, அதில் எளிய லினக்ஸ் ஒன்றைப் போட்டு இணைக்கலாம்.

"கெட்டுப்போனால் யார் பார்ப்பது?" நியாயமான கேள்விதான். ஆனால் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005-ல் அமைந்தபோது அதன் ஒரு பாதி குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில்தான் இயங்கியது. மறு பாதியான சென்னை சி-டாக், 2007-ல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. இவ்வளவும் பக்கத்திலேயே நடந்தும் அலுவலகங்களில் பென் டிரைவ்தான் சுற்றுகிறது! சுற்றியுள்ள கல்லூரிகளின் கணினி மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது?

கம்பெனிகளின் மின்னணுக் கணக்குகளைத் தினமும் இந்தியாவிலுள்ள செர்வரில் பேக்கப் எடுக்க வேண்டும் என்று 2022-ல் விதி திருத்தப்பட்டது. எது சரியான கோப்பு என்றே தெரியாத அலுவலகம் எதைப் பேக்கப் எடுக்கும்? புதுக் கணினி வாங்கும் முன் ஆடிட்டர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான்.