லோட் பண்ணிட்டா போச்சா?

பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

லீவு விட்டதிலிருந்து உங்களில் நாலைந்து பேர் போனில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், பையன் எந்நேரமும் டேபும் கையுமா இருக்கான். வாளு, மந்திரம், டிராகன்னு ஏதோ கேம். பிடுங்கி வச்சிடலாமா?" தி.நகரிலிருந்து ஒருத்தி, துபாயிலிருந்து ஒருவன், பக்கத்துத் தெருவிலிருந்தே ஒருவன். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பிடுங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள். ஆட்டத்தில் அபாயமான பொருள் ஏதாவது கையில் கிடைத்து, அதை அவன் பயன்படுத்திவிட்டால், நல்லதோ கெட்டதோ அந்த விளைவோடுதான் மேலே ஆட வேண்டும். பின்னால் போய் மறுபடி ஆடக் கூடாது. ஏன் இதைச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

அடையாறில் இருக்கும் என் பேரன் லீவுக்கு மயிலாப்பூர் வந்துவிடுவான். பதினைந்து வயது. அவன் ஆடுவது 'பால்டர்ஸ் கேட் 2' என்கிற பழைய ஆட்டம். அதன் விரிவுப் பகுதி 2001ல் வந்தது. அவன் அப்பா காலேஜ் நாளில் ஆடியதைத்தான் இவன் இப்போது டேபில் ஆடுகிறான். அதில் ஒரு மந்திரச் சீட்டுக்கட்டு வருகிறது. பெயர் 'டெக் ஆஃப் மெனி திங்ஸ்'. ஒரு சீட்டு உருவினால் ராஜயோகம் அடிக்கலாம், இல்லாவிட்டால் தலையில் இடி விழலாம். எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது.

இந்தக் கட்டு கம்ப்யூட்டருக்கு முந்தியது. 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். மேஜையைச் சுற்றி நண்பர்கள் உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் போட்டுக் கதை சொல்லி ஆடுவது. அடுத்த வருஷமே இந்தச் சீட்டுக்கட்டு அதில் சேர்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஆட்டங்கள் பிறகு அங்கிருந்து எடுத்துக்கொண்டன.

2014ல் வந்த விதிப் புத்தகத்தின்படி சாதாரணக் கட்டில் 13 சீட்டுகள். சூரியன் வந்தால் அனுபவப் புள்ளிகள் கொட்டும். சந்திரன் வந்தால் கேட்ட வரம் கிடைக்கும். சிம்மாசனம் வந்தால் ஒரு கோட்டையே சொந்தம். எதிர்ப்பக்கம் 'நாசம்' என்று ஒரு சீட்டு உண்டு, அது வந்தால் சொத்து முழுக்கப் போகும். இன்னொன்று வந்தால் உங்களுக்கே தெரியாமல் ஒரு நண்பன் விரோதியாகிவிடுவான். 'சூன்யம்' வந்தால் உயிரை உடம்பிலிருந்து உருவி எங்கோ ஒரு பொருளுக்குள் அடைத்துவிடும். எண்ணிப் பார்த்தால் நல்லது 7, கெட்டது 6.

பேரன் இதைப் பார்த்துவிட்டு, "நல்லதுதானே பாட்டி ஜாஸ்தி? அப்போ எடுக்கலாம்" என்றான். எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுத்தவளிடமா இந்தப் பேச்சு? பேப்பர் பென்சில் கொண்டு வரச் சொன்னேன்.

விதியில் ஒரு கொக்கி இருக்கிறது. கட்டைத் தொடும் முன்பே எத்தனை சீட்டு எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். மூன்று என்று சொல்லிவிட்டு, முதல் சீட்டு நன்றாக வந்ததும் "போதும்பா" என்று எழுந்துவிட முடியாது. எடுத்த சீட்டு பெரும்பாலும் மறுபடி கட்டுக்குள் போய்விடும். ஒரு சீட்டு மட்டும் திரும்பாது, அந்தச் சின்ன வித்தியாசத்தை விட்டுவிடுவோம். ஒரு சீட்டு எடுத்தால் நல்லது வர 13ல் 7. நூற்றுக்கு 54. மூன்றுமே நல்லதாக வர வேண்டுமானால் 7/13 என்பதை மூன்று தரம் பெருக்க வேண்டும். 2197ல் 343 வரும். அதாவது நூற்றுக்குப் பதினைந்து, பதினாறு. மூன்றில் ஒன்றாவது 'சூன்யம்' ஆக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 21. ஐந்து பேர் மும்மூன்று சீட்டு எடுத்தால் ஒருவனுக்குச் சூன்யம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தரம் லாபமாகத் தெரிவது மூன்று தரத்தில் நஷ்டமாகிவிடுகிறது. பின்னங்களைப் பெருக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது போதும், பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

பேரன் கணக்கை ஒப்புக்கொண்டான். ஆனால் அலட்டிக்கொள்ளவில்லை. "எடுக்கறதுக்கு முன்னாடி சேவ் பண்ணிப்பேன் பாட்டி. கெட்டது வந்தா லோட் பண்ணிட்டா போச்சு" என்றான்.

எனக்குக் கவலை தந்தது இந்த ஒரு வாக்கியம்தான். அந்தச் சீட்டுக்கட்டை உருவாக்கியவர்கள் அதில் வைத்தது பயம். கை நடுங்க வேண்டும், நண்பர்களிடம் யோசனை கேட்க வேண்டும், சில பேர் "எனக்கு வேண்டாம்" என்று விலக வேண்டும். சேவ், லோட் வசதி வந்ததும் பயம் போய்விட்டது. நல்லது வரும்வரை உருவிக்கொண்டே இருக்கலாம் என்றால் அதில் அபாயமும் இல்லை, துணிச்சலும் இல்லை. பிள்ளை தைரியசாலி ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்வான். அவன் ஒரு தரம்கூட எதையும் பணயம் வைத்திருக்க மாட்டான்.

நேர் எதிரான பிள்ளைகளும் உண்டு. கிடைத்த அபூர்வப் பொருளையெல்லாம் பையில் போட்டுப் பத்திரப்படுத்தி, "பின்னாடி பெரிய சண்டைக்கு வேணும்" என்று காத்திருந்து, கடைசிச் சண்டையும் முடிந்த பிறகு பை நிறையப் பொருளோடு நிற்பார்கள். பீரோவில் புதுப் பட்டுப்புடவையை மடித்து வைத்து மடிப்பிலேயே இற்றுப் போகவிடும் நம் வீட்டுப் பெண்களைப் போல. இதையும் நான் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற ஒருவனை நமக்கெல்லாம் தெரியும். கர்ணன். 1964ல் பந்துலு எடுத்த படத்தில் சிவாஜியைப் பார்த்து அழுத தலைமுறை என் அக்காமார்கள். அதே படம் 2012ல் புதுப்பித்து வந்தபோது தியேட்டரில் உங்களில் சிலரையும் பார்த்தேன். பாரதத்தில் இந்திரன் பிராமண வேஷத்தில் வந்து கவச குண்டலங்களைக் கேட்கிறான். கர்ணன் அறுத்துக் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சக்தி ஆயுதத்தை வாங்கிக்கொள்கிறான். அதற்கு விதிகள் உண்டு. ஒரே ஒருவன் மேல், ஒரே ஒரு முறை. பிறகு அது இந்திரனிடமே போய்விடும். வேறு ஆயுதம் கையில் இருக்கும்போது, உயிருக்கு ஆபத்து இல்லாதபோது அவசரப்பட்டு எறிந்தால் எறிந்தவன் மேலேயே திரும்பி விழும். எந்தக் கம்பெனி எழுதிய கேம் விதியும் இதைவிடக் கச்சிதமாக இருக்காது.

கர்ணன் அதை அர்ச்சுனனுக்கென்று வைத்திருந்தான். பதினான்காம் நாள் யுத்தம் இரவிலும் நிற்காமல் நடக்கிறது. கடோத்கசன் கௌரவ சேனையைத் துவம்சம் செய்கிறான். எல்லோரும் கர்ணனிடம் கதறுகிறார்கள். வேறு வழியின்றிச் சக்தியை எறிகிறான். கடோத்கசன் விழுகிறான், கிருஷ்ணர் மகிழ்கிறார். பதினேழாம் நாள் அர்ச்சுனனுக்கு எதிரே நிற்கும்போது கர்ணனிடம் சக்தியும் இல்லை, கவசமும் இல்லை.

உபன்யாசங்களில் பெரும்பாலும் "கர்ணன் அந்த ஆயுதத்தை வீணடித்துவிட்டான்" என்று வருந்துவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றிரவு எறியாமல் இருந்திருந்தால் காலையில் காப்பாற்றச் சேனையே இருந்திருக்காது. எறிந்தது சரிதான். நஷ்டம் அதற்கு முன்பே, வாங்கும்போதே நடந்துவிட்டது. பிறந்ததிலிருந்து உடம்போடு ஒட்டி, கேட்காமலே காத்துவந்த கவசத்தைக் கொடுத்து, ஒரே ஒரு தரம் எறியும் வேலை வாங்கினான். அவனுக்கு அது கொடைத் தர்மம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: அபாயமான பொருளின் விலை பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் தெரியாது, அதை வாங்க எதைக் கழற்றிக் கொடுத்தோம் என்பதிலும் இருக்கிறது.

இது வெறும் விளையாட்டுப் பேச்சு என்று நினைக்காதீர்கள். என்னிடம் படித்தவர்களில் ஒருவன், பெயர் சொல்ல மாட்டேன், போனில் ரம்மி ஆடித் தங்கை கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை இழந்தான். முதல் வாரம் ஜெயித்திருக்கிறான். பிறகு விட்டதைப் பிடிக்கப் பி.எஃப். பணத்தை எடுத்தான். அவன் அம்மா என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதது இன்னும் காதில் இருக்கிறது. படிப்பில் கெட்டிக்காரன், கணக்கும் தெரியும். "அடுத்த கை நல்லா வந்துடும் டீச்சர்னு நினைச்சேன்" என்றான். லோட் பண்ணிட்டா போச்சு என்ற அதே நினைப்புதான். அங்கே சேவ் பண்ணி வைத்த இடம் கிடையாது. பி.எஃப். தான் அவனுடைய கவசம், அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டான்.

சட்டம் தன் பங்குக்கு ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்றது. அந்த நவம்பரிலேயே ரம்மி, போக்கர் இரண்டும் திறமை ஆட்டங்கள் என்று உயர் நீதிமன்றம் அவற்றுக்கான தடையை நீக்கியது. 2025ல் மாநில விதிகள் வந்தன. பணம் வைத்து ஆட 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்து சட்டம் போட்டது. நல்லதுதான். ஆனால் அடுத்த கை நல்லா வரும் என்கிற நினைப்பைத் தடை செய்ய எந்தச் சட்டத்தாலும் முடியாது. அது வீட்டு வேலை, நம் வேலை.

அதனால்தான் பிடுங்க வேண்டாம் என்கிறேன். வாளும் மந்திரமும் உள்ள ஆட்டத்தில் பிள்ளை இழப்பது ஒரு பொம்மை ராஜ்ஜியம். இழக்கக் கற்றுக்கொள்ள அதைவிட மலிவான இடம் கிடைக்காது. வைகுண்ட ஏகாதசி ராத்திரி பரமபதம் ஆடிய நமக்கு இது தெரியும். உச்சிக்குப் போய் ஒரு கட்டம் பாக்கி இருக்கும்போது பெரிய பாம்பு கடித்துக் கீழே வந்தால், தாயம் போட்டு மறுபடி ஏறித்தான் ஆக வேண்டும். "இந்த உருட்டல் செல்லாது" என்றால் பாட்டி விடுவாரா?

கேம் செய்கிறவர்களுக்கே இது புரிந்திருக்கிறது. 2023ல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' ஆட்டத்தில் 'ஹானர் மோட்' என்று ஒரு முறையைப் பிறகு சேர்த்தார்கள். ஒரே ஒரு சேவ். கெட்டது நடந்தால் பின்னால் போய் மாற்ற முடியாது. அது பெரியவர்களுக்கான ஆட்டம், சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். ஆனால் அந்த விதியை எந்த ஆட்டத்துக்கும் நாமே வீட்டில் போட்டுக்கொள்ளலாம்.

நான் பேரனிடம் சொன்னதும் இதுதான். கட்டைத் தொடும் முன் மூன்று கேள்விக்குப் பேப்பரில் பதில் எழுது. எத்தனை தரம் எடுக்கப் போகிறாய்? இதற்காக எதை விட்டுக்கொடுக்கிறாய்? மோசமானது வந்தால் மிச்ச ஆட்டத்தை எப்படி ஆடுவாய்? மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாக எடு. முதலில் முணுமுணுத்தான், பிறகு எழுதினான். "ஒரு சீட்டு" என்று எழுதியதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். என்ன சீட்டு வந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. எது வந்ததோ அதோடு ஆடிக்கொண்டிருக்கிறான்.

நீங்களும் இன்று ராத்திரி பிள்ளை பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, "உன் பையில் இருக்கிறதிலேயே ஆபத்தான பொருள் எது?" என்று கேட்டுப் பாருங்கள். எப்போது அதைப் பயன்படுத்துவான் என்றும் கேளுங்கள். கண்டிப்பாகப் பேசுவான்.

பழைய வழக்கப்படி வீட்டுப்பாடமும் உண்டு. இரண்டு சீட்டு எடுத்தால் இரண்டுமே நல்லதாக வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு? விடையை இங்கேயே எழுதுங்கள். வழிமுறை காட்டாதவர்களுக்கு அரை மார்க்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்