பத்து மணிக்கு வள்ளி மேடைக்கே வந்திருக்க மாட்டாள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாக் கூட்டம். இந்தப் பங்குனிக்கு 'வள்ளி திருமணம்' வேண்டாம், மெல்லிசைக் குழு போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் எழுந்தேன். "மாமா, நீங்க காரைக்கால்காரவுக. நம்ம ஊரு நாடகத்தப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் ஒரு தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

ஆலங்குடிப் பக்கம் பெண் எடுத்தவன் நான். ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊரோடு வந்துவிட்டேன். ஆனால் இந்த நாடகத்தின் வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13இல் கண்மூடியது எங்கள் புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதி, இருபத்து நான்கு வயதில் அதை உதறிவிட்டு நாடகத்துக்குப் போனவர். என்னைப் போல அவரும் குமாஸ்தா. என்ன, எனக்கு உதறத் தைரியம் வரவில்லை.

அவருக்கும் இந்த மண்ணுக்கும் என்ன உறவு என்று கேட்ட தம்பிக்குத் தெரிய வேண்டும். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம்தான் சுவாமிகள் லயம் கற்றார். பிள்ளை அவரை மகனாகவே ஏற்றுக்கொண்டார். இன்றைக்கும் வள்ளியும் நாரதரும் பாட்டுக்குப் பாட்டு தாளம் தப்பாமல் மோதுகிறார்களே, அந்தக் கணக்கு புதுக்கோட்டைத் தெருவிலிருந்து போனது. 1918இல் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கினார்; பின்னாளில் அதில் சேர்ந்த பையன்களில் நம் ஊர்ப் பி.யு. சின்னப்பாவும் ஒருவர்.

கம்பெனிகள் போயின, சினிமா வந்தது, நாடகம் செத்தது. படித்தவர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். செத்ததா? ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. சிலசமயம் சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பத்து மணிக்குப் பபூன் வருவார், நள்ளிரவு தாண்டி வள்ளி வருவாள், அப்புறம் நாரதர் வந்து தர்க்கம், விடியும்போது கல்யாணம். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பேசிக் கூட்டிவருவதால்தான் இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பேர். புதுக்கோட்டையில் இவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. மாசியிலிருந்து ஆடி வரை சுவரெல்லாம் நோட்டீஸ். செத்த பிணத்துக்கு யாரய்யா முன்பணம் கொடுப்பார்கள்?

பபூன் கொச்சையாகப் பேசுகிறாராம். பேசுகிறார், சில பேர் அளவுக்கு மீறித்தான் பேசுகிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக இவர்கள் கொண்டுவரப்போகும் மெல்லிசைக் குழு என்னென்ன சினிமாப் பாட்டுக்கு ஆட விடும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

உண்மைக் காரணம் வேறு. கூத்தாடி என்ற இளக்காரம். முருகன் வேஷத்தில் வந்தால் தேங்காய் உடைத்துக் கும்பிடுகிறோம். வேஷத்தைக் கலைத்துவிட்டு வாடகைக்கு வீடு கேட்டால் யோசிக்கிறோம். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் மோலியேரைக் கரைத்துக் குடிக்க வைத்தார்கள். 1673இல் 'கற்பனை நோயாளி' நாடகத்தில் நடித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு முடியாமல் போய், அன்றிரவே வீட்டில் இறந்தார். நடிகன் என்பதால் பாதிரிமார் முறையான அடக்கம் தர மறுத்தார்கள். ராஜா தலையிட்டபின் இருட்டில் புதைத்தார்கள். இங்கே 1940 டிசம்பர் 31இல் விசுவநாததாஸ் சென்னையில் வள்ளி திருமணம் நடிக்கும்போது, முருகனாக மயில்மேல் உட்கார்ந்தபடியே உயிர்விட்டார். பிரெஞ்சுக்காரன் பிறகாவது வெட்கப்பட்டான். 1680இல் அமைந்த அவர்களுடைய அரசு நாடகசாலையை இன்றைக்கும் 'மோலியேர் வீடு' என்கிறான். நாம் சிலைக்கு மாலை போட்டுவிட்டுப் பத்து மணிக்குத் தூங்கப் போகிறோம்.

கடைசியாகக் கமிட்டி காட்டியது சட்டத்தை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது, 2000ஆம் ஆண்டு விதி. சரி. அதே விதியில், திருவிழா நாட்களில் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மேற்படாமல் பன்னிரண்டு மணி வரை மாநில அரசு தளர்த்தலாம் என்றும் இருக்கிறதே, அதைப் படித்தீர்களா? மனு போட்டீர்களா? இல்லை. விடிய விடிய வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. ஏழு மணிக்கே தொடங்குவோம், பபூனைச் சுருக்குவோம், தர்க்கத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம், பன்னிரண்டுக்குக் கல்யாணத்தை முடிப்போம். கோழி கூவுகிற நேரத்தில் தாலி கட்டுகிற அழகு போய்விடும்தான். எனக்கும் வருத்தமே.

'அபிமன்யு சுந்தரி' என்ற முழு நாடகத்தையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததாக அவ்வை சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை'யில் சொல்கிறார். நம்மால் ஐந்து மணி நேரம் உட்கார முடியாதா?

முப்பத்தைந்து வருஷம் மனு வாங்கிய கை இது. எழுதவும் தெரியும். காவல் நிலையத்துக்கு ஒன்று, ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று, இரண்டும் எழுதி வைத்துவிட்டேன். திண்ணையில் இருக்கிறது. கையெழுத்துப் போட வருகிறவர்கள் சாயங்காலம் ஐந்துக்கு மேல் வரலாம். சிரித்த தம்பியும் வரட்டும், காப்பி உண்டு.