சாலையும் அவருக்கே, சரக்கும் அவருக்கா?

 

ஜி.எஸ்.டி. சாலை முழுவதும் ஒரே ஒரு மளிகைக் கடைக்காரருக்குச் சொந்தம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவர் லாரி இலவசமாகப் போகும். உங்கள் லாரிக்குச் சுங்கம் கேட்பார். மனம் வைத்தால்தான் வழி விடுவார். பொறுத்துக் கொள்வீர்களா? உங்கள் வீட்டு டி.வி.யிலும் கையிலுள்ள போனிலும் நடப்பது இதுதான்!

வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த கேபிள் சட்டமோ, சேனல் நடத்துபவரே கேபிளையும் வைத்திருப்பதைத் தடுக்கவில்லை. 2001-ல் டி.டி.எச். விதிகள் வந்தபோது, சேனல், கேபிள் நிறுவனங்களுக்கு அதில் 20 சதவீதப் பங்குக்கு மேல் கூடாது என்றார்கள். டிஷ்ஷுக்கு வேலி, கேபிளுக்குத் திறந்த வாசல்! இது என்ன நியாயம்?

விளைவைத் தமிழகம் கண்டது. சன் டி.வி.யும் சுமங்கலி கேபிளும் ஒரே குடும்பத்தின் கையில். 2004 முதல் 2007 வரை மத்திய தொலைத்தொடர்பு அமைச்சரும் அதே குடும்பத்தவர். 2007-ல் கலைஞர் குடும்பத்தில் பிளவு வந்தது. அரசு கேபிள் பிறந்தது. 2008-ல் சமாதானம் வந்தது. அரசு கேபிள் முடங்கியது. 2011-ல் ஆட்சி மாறியது; 70 ரூபாய்க் கட்டணத்தில் அது மீண்டும் எழுந்தது. ஏழைக்கு அன்று 70 ரூபாய் நிம்மதியாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆளுங்கட்சியின் கையில் கம்பி இருந்தால், அவர்களுக்குப் பிடிக்காத செய்தி எந்த வழியாக வீட்டுக்குள் வரும்? மாநில அரசுகள் இத்தொழிலில் இறங்கக் கூடாது என்று டிராய் 2008-லும் 2012-லும் சொன்னது இதனால்தான்.

இப்போது போன் கம்பெனிகளின் காலம். ரிலையன்ஸ் 2014-ல் நெட்வொர்க்18 செய்திக் குழுமத்தை வாங்கியது. 2016-ல் ஜியோவைத் தொடங்கியது. 2018-ல் ஹாத்வே, டென் கேபிள் நிறுவனங்களைக் கைப்பற்ற இறங்கியது. 2024 நவம்பரில் ஸ்டார் சேனல்களும் அதன் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. போன், கேபிள், செய்தி, கிரிக்கெட் அனைத்தும் ஒரே கல்லாப்பெட்டியில்!

"டேட்டா இலவசமாகக் கிடைத்ததே, என்ன நட்டம்?" என்று இளைஞர்கள் கேட்கலாம். விலைப்போரும் கடனும் சேர்ந்து, நம் தமிழகத்தில் வளர்ந்த ஏர்செல் 2018-ல் திவாலானது. கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த எண்ணைக் காப்பாற்ற வணிகர்கள் அலைந்ததை மறந்து விட்டீர்களா? 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. எதிர்க்கடை மூடினால் விலை ஏறும் என்பது வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டிய பாடமா?

ஊடக உடைமைக்கு வரம்பு வேண்டும், அரசியல் கட்சிகளும் அரசுகளும் ஒதுங்க வேண்டும் என்று 2014 ஆகஸ்டில் டிராய் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. ஏன்? எந்தக் கட்சிக்கு அது இனிக்கும்?

சிந்தியுங்கள் சகோதரர்களே! கம்பி வைத்திருப்பவர் எல்லோருக்கும் ஒரே கட்டணத்தில் வழி விட வேண்டும். அதில் ஓடும் சரக்குக்கு அவரே முதலாளியாக இருக்கக் கூடாது. ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். சிறுபான்மையின் குரலும் சிறு வியாபாரியின் குரலும் வெளியே வர, வழி திறந்திருக்க வேண்டும். இன்று கேட்காவிட்டால், நாளை கேட்பதற்கும் அவர்களின் கம்பியில்தான் இடம் தேட வேண்டி வரும்!