காந்தள் விதையின் நெடும்பயணம்

ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் காலை வெயில் ஏறுமுன் தோட்டங்களுக்குள் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டுக்கொண்டு நடப்பார்கள். விதை பிடிப்பதற்காக ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றின் சூல்முடியில் தடவுவார்கள். அந்தப் பூ காந்தள்; விவசாயிகள் வாயில் கண்வலிக்கிழங்கு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கியபோது முதலில் வைத்த மலர். அதன் கிழங்கு ஆளைக் கொல்லும் என்பதையும் நம் முன்னோர் சேர்த்தே சொல்லிவைத்தார்கள். அந்த நஞ்சின் பெயர் கோல்சிசின்.

இதே நஞ்சு மேற்கே வேறொரு செடியில் இருந்தது. மூட்டு வீங்கித் துடிப்பவர்களுக்கு அதன் கிழங்கை 6ஆம் நூற்றாண்டிலேயே கொடுத்தார் அலெக்சாண்டர் என்ற கிரேக்க மருத்துவர். 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெட்டியேவும் காவென்டூவும் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே நூற்றாண்டின் நடுவில், தமனிச் சுவர் தடிப்பதும் ஒருவகை அழற்சியே என்றார் ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோ. அழற்சியை அடக்கும் மருந்தும், ரத்தக்குழாயில் அழற்சி உண்டு என்ற அறிவும் ஒன்றையொன்று அறியாமல் நூறாண்டுக்கு மேல் தனித்தனியே கிடந்தன. ஆஸ்பிரினுக்கும் இதே கதைதான்: 1899இல் கடைக்கு வந்த வலி மாத்திரை, பக்கவாதத்தைத் தடுக்கும் என்று கனடாவில் நடந்த பெரிய சோதனை சொன்னது 1978இல்.

தனித்தனியே கிடந்த அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க, டப்ளின் மருத்துவர் பீட்டர் கெல்லி தலைமையில், ஒருமுறை பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ கண்ட 3,154 பேரிடம் கோல்சிசினைச் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு தினமும் அரை மில்லிகிராம். மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2024இல் முடிவு வந்தது: மருந்து எடுத்தவர்களில் 9.8 சதவீதம் பேருக்கு மீண்டும் பக்கவாதமோ இதயப் பாதிப்போ வந்தது, எடுக்காதவர்களில் 11.7 சதவீதம். ரத்தத்தில் அழற்சியின் அடையாளம் குறைந்திருந்தது; ஆனாலும் அந்த இடைவெளி தற்செயலாக இருக்கலாம் என்பதைக் கணக்கு மறுக்கவில்லை. கொரோனா பெருந்தொற்றால் பணம் சுருங்கி, எண்ணியதற்கு முன்பே சோதனையை முடிக்க நேர்ந்தது. சீனாவில் 8,343 பேரிடம் மூன்று மாதம் நடந்த இன்னொரு சோதனையிலும் பலன் தெரியவில்லை.

இதைத் தோல்வி என்று மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. பதினான்கு நூற்றாண்டுகளாக ஒரு கிழங்கைப் பார்த்துக் கேட்டுவரும் கேள்வியில் இது ஒரு பதில். மூன்று மாதமோ மூன்றாண்டோ அதற்குச் சிறு பொழுது. அதைக் கேட்டவர்களில் அந்த 3,154 பேரும் உண்டு. அடுத்த அடைப்பு எப்போது வருமோ என்ற பயத்தோடு, தமக்கு உதவுமா என்று தெரியாமலே, அவர்களில் பாதிப் பேர் நாள் தவறாமல் அந்தச் சின்ன மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.