கோல்ப் புல்வெளியும் நம் கொல்லையும்

நல்லம்பள்ளி செவ்வாய்ச் சந்தைக்கு ஆடு வாங்க வருகிறவர்களோடு, நிலம் கேட்டு வருகிறவர்களும் இப்போது சேர்ந்துகொண்டார்கள். சேலம் பெருஞ்சாலை நம் ஊர் வழியாகவே போகிறது. அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் சாலையை நான்குவழியாக்கும் பேச்சு எழுந்த நாள் முதல் தரகர் நடமாட்டம் கூடிவிட்டது. அவர்கள் யாருக்காக வாங்குகிறார்கள் என்பதை உழவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

பெங்களூருக்கு அப்பால் நந்தி மலை அடிவாரத்தில் கோல்ப் மைதானத்தைச் சுற்றிப் பங்களாக்கள் கட்டி விற்றிருக்கிறார்கள். கோல்ப் என்பது சிறு பந்தைக் கழியால் அடித்துக் குழியில் விழச் செய்யும் ஆட்டம். 18 குழி மைதானம் ஒன்றுக்கே 100 ஏக்கருக்கு மேல் வேண்டும். வாங்குகிறவர்களில் ஆடத் தெரிந்தவர் எத்தனை பேரோ! விளம்பரத்தில் விற்கப்படுவது ஆட்டமல்ல. பசுமை, காற்று, மலைக்காட்சி. புல்வெளியைப் பார்த்த வீட்டுக்குத் தனி விலை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் 'பண்ணை மனை' என்று விற்பதும் இதே சரக்குதான். நம்மிடம் வரும்போது மட்டும் அந்த நிலம் "வானம் பார்த்த கரடு" ஆகிவிடுகிறது!

கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சாலை, பூங்கா என்று 40 சதம் கழித்தாலும் ஏறக்குறைய 26,000 சதுர அடி மிஞ்சும். உதாரணமாக, ஏக்கர் 30 லட்சத்துக்கு வாங்கி, சதுர அடி 500 ரூபாய்க்கு விற்றால் 1 கோடியே 30 லட்சம். செலவும் அனுமதிக் கட்டணமும் அவர்களுக்கு உண்டுதான். ஆனாலும் ஏக்கர் கணக்கில் பேசுகிறவரிடம் நாம் சதுர அடிக் கணக்கில் பேசவேண்டும்.

கோல்ப் பெயரைச் சொல்லி நிலம் போன கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூர் பழைய விமான நிலையத்துக்கு அருகே கோடிஹள்ளியில், கோல்ப் மைதானத்துடன் கூடிய ஓட்டல் அமைக்க என்று, கர்நாடக சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்காக 1981-ல் நில எடுப்பு அறிவிப்பு வந்தது. பிறகு நிலம் தனியார் கைக்குப் போயிற்று. உடையவர் ஒருவர் விடாமல் வழக்காடினார். பொதுக் காரியம் என்று எடுத்துத் தனியாருக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பரில். முப்பது வருஷம்! சிறு உழவரில் எத்தனை பேரால் அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க முடியும்?

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மகள் கல்யாணத்துக்கும் கடனுக்கும் விற்கத்தான் நேரும். ஆனால் சிறு முன்பணத்தை வாங்கிக்கொண்டு பொது அதிகாரப் பத்திரம், அதாவது 'பவர்', எழுதிக் கொடுப்பது ஆபத்து. பிறகு நம் நிலத்தை அவர் விற்பார். நமக்குப் பணம் எப்போது வரும் என்பது அவர் சௌகரியம். கிரய ஒப்பந்தத்தில் கெடு தேதி இருக்கட்டும், அதைப் பதிவும் செய்யுங்கள்.

விற்காதவருக்கும் கவலை உண்டு. சுற்றிலும் கம்பி வேலி விழுந்தால் நடுவில் இருப்பவரின் மாந்தோப்புக்கு டிராக்டர் போக வழி இராது. பொதுக் கிணற்றில் பங்கு உள்ளவர், பக்கத்து நிலம் கைமாறும் முன்பே தம் பத்திரத்தில் கிணற்றுப் பங்கும் வண்டிப்பாதை உரிமையும் எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால், பங்காளி விற்பதற்கு முன்பே அவரிடம் எழுதி வாங்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.