அட்டை இருக்கு... டாக்டர் எங்கே?

சேலையூர் கேம்ப் ரோட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நடந்து பாருங்கள். மருந்துக்கடையை ஒட்டி ஒரு கிளினிக், டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் ஒரு கூட்டம். காய்ச்சல், இருமல், சுகர், பிரஷர்... இவ்வளவுதான் வியாதி. அந்தக் கூட்டத்தில் பலர் வீட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பத்திரமாக இருக்கும். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை! ஆனால் டாக்டர் ஃபீஸையும் மாத்திரைக் காசையும் கையிலிருந்துதான் எடுத்து வைக்க வேண்டும். அட்டையை நீட்டினால், "அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குங்க" என்பார்கள்.

கிளினிக்காரர் மேல் தப்பில்லை. திட்டமே அப்படித்தான். 2009 ஜூலையில் ஆரம்பித்தபோது அதன் பெயர் 'உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம்'. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 2012-ல் புதுப் பெயர் வந்தது. 2018-ல் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்ந்தது. இத்தனை மாறியும், ஆபரேஷன், டயாலிசிஸ் என்று பெரிதாக ஏதாவது வந்தால்தான் அட்டைக்கு உயிர் வரும்.

இதில் ஒரு விநோதம். சுகரைச் சரியாகக் கவனிக்காமல் கிட்னி கெட்டுப்போனால் டயாலிசிஸுக்குக் காப்பீடு உண்டு. கிட்னி கெடாமல் பார்த்துக்கொள்ளும் தெருமுனை டாக்டருக்கு ஒரு பைசா கிடையாது. எந்தக் கணக்கில் இது சேர்த்தி?

"அதற்குத்தானே அரசு ஆரம்ப சுகாதார நிலையம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. 2023-ல் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறந்தார்கள். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று நேரம் வைத்தது உண்மையிலேயே நல்ல யோசனை. ஆனால் முடிச்சூர், பெருங்களத்தூர், சிட்லபாக்கம் என்று புறநகர் பெருகுகிற வேகத்துக்கு இது போதுமா? ஒவ்வொரு தடவையும் ஒரே டாக்டர் பார்ப்பார் என்ற உத்தரவாதமும் இல்லை. அப்பாவுக்கு என்ன மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த டாக்டர்தானே குடும்ப டாக்டர்?

தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் வளாகத்துக்குள் வேலை பார்க்கும் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தால் சாதாரணக் காய்ச்சலுக்கும் டிஸ்பென்சரி உண்டு. வளாகத்துக்கு வெளியே ஆட்டோ ஓட்டுபவருக்கு அது இல்லை. அதே ஈ.எஸ்.ஐ.யில் இன்னொரு முறையும் இருக்கிறது. மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களில் தனியார் டாக்டர்களையே பட்டியலில் சேர்த்து, அவர்களிடம் பதிவு செய்த தொழிலாளர்களின் தலைக்கணக்குப்படி பணம் கொடுத்தார்கள். பிரிட்டனில் 1948 முதல் குடும்ப டாக்டர்களுக்குப் பெரும்பாலும் தலைக்கணக்குதான். தாய்லாந்து 2002-ல் 30 பாட் திட்டத்தைக் கொண்டுவந்தபோதும் இதே வழியில்தான் போனது.

தமிழ்நாடும் இதைச் செய்யலாம். முதலில் தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் செய்து பார்க்கட்டும். விருப்பமுள்ள எம்.பி.பி.எஸ். டாக்டரிடம் அட்டைதாரர் குடும்பத்தைப் பதியட்டும், அரசு குடும்பத்துக்கு இவ்வளவு என்று வருடத் தொகை கொடுக்கட்டும். பொய் பில் போடுவார்களே என்ற பயம் இதில் குறைவு, ஏனென்றால் பில்லே கிடையாது. டாக்டர் அலட்சியமாகப் பார்ப்பாரே என்ற பயம் நியாயம்தான். அடுத்த வருடம் வேறு டாக்டரிடம் மாறிக்கொள்ளும் உரிமை குடும்பத்திடம் இருந்தால் அவரும் யோசிப்பார்.

கிண்டியில் வேலை முடிந்து மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்க எட்டே கால் ஆகிவிடுகிறது. நலவாழ்வு மையம் மூடியிருக்கும். கேம்ப் ரோடு கிளினிக்கில் இன்னும் விளக்கு எரிகிறது, டோக்கன் கொடுக்கிறார்கள்.